பிரேக் இல்லாத தக்காளிகள்

ஜூன் 3, செவ்வாய்

சித்தி என்னைச் சுவை பார்ப்பவளாக நியமித்துவிட்டாள். கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைக் கோட்டும் கொடுத்தாள்.

ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் காட்டுத் தக்காளியையும் வீட்டுத் தக்காளியையும் கலந்து வளர்க்கிறாள் அவள். காட்டுத் தக்காளிக்கு இலைக்கருகல் நோய் வராது. ஆனால் பழம் கசக்கும். நோயைத் தடுக்கும் மரபணுவும் கசப்பு மரபணுவும் ஒரே குரோமோசோமில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவாம். ஒன்று வந்தால் மற்றதும் வரும். அண்ணனும் அவன் கைபேசியும் மாதிரி!

ஜூன் 4, புதன்

சித்தியைக் குடைந்து கேட்டதில் புரிந்தது: செடி மகரந்தம் உண்டாக்கும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும். சரியான இடத்தில் மாறினால் ஒட்டியிருந்த இரண்டும் பிரியும். ஆனால், அதிகம் மாற்ற விடாமல் தடுக்கவும் ஒரு மரபணு இருக்கிறது. சித்தியின் செடிகளில் அது பழுது.

"பிரேக் இல்லாத வண்டிடி. இஷ்டத்துக்கு மாத்திக்கும். நோயும் வராம, கசக்காமலும் ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்."

நோய் வராத செடிகளைத் தனியே பிரித்துவிட்டாள். அவற்றில் கசக்காததை நான் கண்டுபிடிக்க வேண்டும். தக்காளி தின்று தின்று அவளுக்கு நாக்கு மரத்துவிட்டதாம்.

வெள்ளிக்குள் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கூடத்தை மிளகாய் ஆராய்ச்சிக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் இப்போதே அளவெடுக்கும் டேப்பும் கையுமாக அலைகிறார்.

ஜூன் 5, வியாழன்

கசப்பு. கசப்பு. கசப்பு.

சுவை பார்ப்பவரின் வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு பழத்துக்கும் முன்னால் கழுவுதொட்டிக்கு ஓடிப் பேஸ்ட் போட்டுப் பல் துலக்குகிறேன். சித்தியிடம் சொல்லவில்லை. கடமையை விளம்பரப்படுத்தக் கூடாது.

ஜூன் 6, வெள்ளி

கடைசிப் பழமும் கசந்தது. "பரவாயில்லடி" என்றாள் சித்தி. கையுறையைக் கழற்றாமலே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாளைக் காலையில் பிடுங்கிவிடுவாள்.

ஜூன் 7, சனி

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்.

காலையில் பல் துலக்கியதும் ஆரஞ்சுச் சாறு குடித்தேன். ஐயோ, என்ன கசப்பு! சாறு கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் புகார் செய்தேன்.

அண்ணன் சிரித்தான். "ஏய் புத்தகப் புழு, பேஸ்ட் வாயோட குடிச்சா அப்படித்தான் இருக்கும். எத்தனை புத்தகம் படிச்சு என்ன பிரயோஜனம்?"

பேஸ்ட்... பழம்... ஐயய்யோ!

அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவன் இன்னும் பல் துலக்கியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து இன்றுதான் அது ஒரு தகுதி.

சித்தி முதல் செடியின் தண்டில் கை வைத்திருந்தாள்.

"சித்தி, நிறுத்து! கசந்தது தக்காளி இல்ல, நான்!"

மூச்சுவாங்கச் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தலையில் அடித்தாள், ஆனால் தன் தலையில். "நடுவுல ஒரு கடைத் தக்காளி கொடுத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். எனக்கு எவன்டி பட்டம் கொடுத்தான்?"

அண்ணன் ஒரு கையில் கைபேசியோடு கடித்துக்கொண்டே போனான். "உவ்வே." "உவ்வே." "சித்தி, இதெல்லாம் மனுஷன் தின்பானா?" வாசலில் காத்திருந்த மிளகாய்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில் அண்ணன் நின்றுவிட்டான்.

"இது நல்லா இருக்கே. இன்னொண்ணு கிடைக்குமா?"

"முழுங்காதே! துப்புடா! விதை, விதை!"

சித்தி அவன் வாய்க்குக் கீழே கையை ஏந்தினாள். மிளகாய்க்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஜூலை 12, சனி

துப்பிய விதைகள் முளைத்துவிட்டன. நாற்றுத் தட்டில் சித்தி எழுதி ஒட்டியிருக்கும் பெயர்: 'பல் துலக்காதவன்'. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் வந்து தண்ணீர் ஊற்றுகிறான்.

இன்று அவன் இரண்டு கையிலும் வாளி. கைபேசியை வீட்டிலேயே மறந்துவிட்டானாம்.

சித்தி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "பார்த்தியா? ஒட்டியிருந்தது பிரிஞ்சிடுச்சு."