அது யோசிக்குது

செவ்வாய் இரவு, கூலாய் நகரம்.

முதுகலை மாணவர்களுக்கு இன்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தின் முதல் வகுப்பு. ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கணினி எப்படிச் சமாளிக்கிறது என்று காட்டப் போனேன். பாதியிலேயே கணினி ஹேங் ஆகிவிட்டது. முன்வரிசையில் இருந்த கவிதா எழுந்து வந்து விசைகளைப் படபடவென்று தட்டினாள்.

"விடும்மா, அது யோசிக்குது" என்றேன்.

"அலமாக்! கம்ப்யூட்டர் யோசிக்குமா சார்? நீங்களே இப்படிச் சொல்றீங்க!" என்று சிரித்தாள்.

'அது யோசிக்குது' என்பது அப்பாவின் பேச்சு. குளுவாங்கில் எங்கள் வீட்டில் பழைய கணினி நின்றுபோகும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொல்வார். "யோசிக்கலப்பா, டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்று பெரிய மேதை மாதிரி திருத்துவேன். "காத்துக்கிட்டு இருக்கிறவன் யோசிக்க மாட்டானா?" என்பார். திரை அசையும்வரை இருவரும் கோப்பி குடிப்போம். அதிகம் பேசாத மனிதர் அப்போதுதான் பேசுவார்.

பக்கவாதம் வந்தபிறகு அவருக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வருகின்றன. தடுமாறினால் நானே வாக்கியத்தை முடித்துவிடுவேன். இன்று மாலை போனில், "என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "ம்..." என்று இழுத்தார். பக்கத்திலிருந்து அம்மா, "தோசைன்னு சொல்லுங்களேன்" என்றார்.

"விடுங்கம்மா, அப்பா யோசிக்கிறாரு" என்றேன்.

வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா கேட்டார்: "இன்னிக்கு... கிளாஸு... எப்படிப் போச்சு?"