சனிக்கிழமை விட்ட மீன்

இன்று 27-9-1958, சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்குப் பிடித்த மீன் ஒன்று.

அன்பு மனைவி ராமாமணிக்கு, அரங்கசாமி எழுதுவது. நான் நலம். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கிருந்து அவிநாசிக்கு வரும் யாராவது உன்னிடம் பெரிதாக்கிச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அணைக்குக் கீழே ஆற்றில் தூண்டில் போட்டிருந்தேன். பெரிய கெண்டை மாட்டியது. புரட்டாசிச் சனியில் நாம் மீன் சாப்பிடுவதில்லை. அதனால் முள்ளை எடுத்துவிட்டு, அது தெம்பாகி நீந்தும்வரை இடுப்பளவுத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றேன். மதகு திறக்கப்போவதாக அணைச் சங்கு ஊதியது. ஒரு நிமிடம்தானே என்று நின்றுவிட்டேன். தண்ணீர் மார்புக்கு ஏறி, கால் பாறையை விட்டுவிட்டது. கரையில் நின்ற அணை ஃபிட்டர் பாலுசாமி துண்டை வீசி என்னை இழுத்துப்போட்டார்.

"ஏனுங்க ஓவர்சியரே, மீனுக்கு நீங்க நாள் பார்த்தீங்க. ஆறு உங்களுக்கு நாள் பார்க்குமுங்களா?" என்றார். 

முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பாலுசாமியின் துண்டு கிழிந்துபோயிற்று. நல்லதாக ஒன்று வாங்கி, எலுமிச்சை ஊறுகாயோடு அனுப்பு. ஞாயிறு முழுக்க இங்கே பேச ஆளில்லை. தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

இனிச் செய்யப்போவது:

1. சங்கு ஊதினால் மீனையும் தூண்டிலையும் போட்டுவிட்டுக் கரையேறுவேன்.
2. மீன் பிடிப்பதை விடமாட்டேன். தலை நரைத்தாலும் போவேன். நீ சண்டை போட்டுப் பயனில்லை.
3. குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸ் கேட்டு இன்றே மனுப் போடுகிறேன். சங்கு ஊதும்போது கரையிலிருந்து என்னைத் திட்ட நீ வந்துவிடு.