பைன் மரத்தடியில் கிடந்த பந்து

குன்சான்
ஏப்ரல் 11

அன்பு மகள் சோ-யுலுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் இந்தக் காகிதம். ஜேஜூ தீவில் நீ ஆடிய கோல்ஃப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இரண்டாம் நாளே வெளியேறிவிட்டாய். அங்கே அடிக்கிற காற்று அப்படி, உன் தப்பில்லை. ஆனால் உன் மட்டைப் பையைத் தூக்கி வந்த அந்தப் பெண்மணிக்குக் காற்றைக் கணிக்கத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் நான் தூக்கிய பை அது. "இந்த சீசன் நீங்க வர வேணாம்பா" என்றாயே, ஏன் என்று இன்னும் சொல்லவில்லை. அம்மா முள்ளங்கி கிம்ச்சி அனுப்பியிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா

போச்சோன்
மே 6

அப்பாவுக்கு,

கிம்ச்சி வந்து சேர்ந்தது.

ஏன் என்று கேட்டீர்கள். போன நவம்பர், தகுதிச் சுற்றின் கடைசி நாள். பதினேழாவது குழியில் என் பந்து பைன் மரத்து வேரில் ஒட்டிக் கிடந்தது. நீங்கள் முன்னால் போய், ஷூவால் ஒரு தள்ளு தள்ளினீர்கள். "அதிர்ஷ்டக்காரிடி நீ! அடி!" என்றீர்கள். நான் பார்த்துவிட்டேன் அப்பா. பார்த்தும் அடித்தேன். மதிப்பெண் அட்டையில் கையெழுத்தும் போட்டேன். ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் இந்த சீசன் தொடரில் ஆட இடம் கிடைத்தது.

அதே ஒரு அடியில் இடத்தை இழந்தவள் யூ ஹா-க்யோங். நேற்று அவளை இங்கே பார்த்தேன். மைதானத்துக்கு ஆட வருகிறவர்களுக்குப் பை தூக்குகிறாள். "என் பங்குக்கும் சேத்து ஆடுடி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையோடு இன்று காலை என்னால் மட்டையைப் பிடிக்க முடியவில்லை.

சோ-யுல்

குன்சான்
மே 15

மகளே,

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் வயதுப் பிள்ளைகள் சுற்றுலா போனபோது நீ உள்ளங்கையில் ரத்தம் கசிய அடித்துப் பழகினாய். அத்தனையும் ஒரு வேரில் முட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வாயைத் திறக்காதே. ஆயுசுக்கும் உன்னை ஏமாற்றுக்காரி என்பார்கள். அந்தப் பெண் வருகிற நவம்பரில் மறுபடி ஆடிக்கொள்ளட்டும்.

அப்பா

சியோல்
செப்டம்பர் 19

அப்பாவுக்கு,

ஆகஸ்டில் நானே கோல்ஃப் சங்கத்துக்கு எழுதினேன், பந்து தள்ளப்பட்டது என்று மட்டும். நேற்று விசாரணை. எனக்குத் தெரியாமல் நீங்கள் அனுப்பியிருந்த கடிதத்தை வாசித்தார்கள். "தள்ளியது நான். என் மகளுக்கு எதுவும் தெரியாது." தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்பா சொல்றது நிஜம்னா உனக்கு எச்சரிக்கையோட முடிஞ்சிடும்மா. நிஜம்தானா?" என்றார். ஆமாம் என்றால் போதும்.  நான், "இல்ல, நானும் பாத்தேன்" என்றேன்.

மூன்று வருஷத் தடை. உங்களுக்கு ஆயுள் முழுக்க.

ஹா-க்யோங்கிடம் நேரில் போய்ச் சொன்னேன். பை தூக்கித் தூக்கி மணிக்கட்டு போய், ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இனி ஆட முடியாதாம். "இப்ப எதுக்குடி வந்து சொல்ற? உன் மனசு ஆறவா?" என்றாள்.  அவள் உள்ளே போய்விட்டாள்.

சூசோக் பண்டிகைக்கு வரமாட்டேன். அம்மாவிடம் நடந்ததை நீங்களே முழுசாகச் சொல்லுங்கள். உங்கள் மேல் கோபம் இல்லை அப்பா. உங்கள் முகத்தைப் பார்த்தால், நீங்கள் செய்தது சரிதான் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சோ-யுல்