தண்ணீர்த் தொட்டிக்கு ஒதுக்கிய இடம்

மாதா துணை

ஸ்டேஷன் ரோடு,
ஹட்டன்.
6 பெப்ரவரி 1978

அன்புள்ள தம்பி பத்திநாதனுக்கு,

அக்கா மரியநாயகி எழுதிக்கொள்வது. நானும் கடையும் ஒழுகிக்கொண்டே சுகமாக இருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் உன்னைப் புனித அந்தோனியார் கவனித்துக்கொள்கிறார் என்ற தைரியத்தில்தான் இருக்கிறேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்தோனியாருக்கு எழுத நேரமிருந்தால் உன் சேதி எப்போதோ வந்திருக்கும்.

இங்கே பெரிய சேதி. நம் கட்டடத்துக்காரர் ரத்நாயக்க முதலாளி, இந்தத் தகரக் கடைகள் ஒன்பதையும் இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டப் போகிறாராம். கீழே கண்ணாடி போட்ட ரேடியோக் கடை, ரெடிமேட் கடை. பழைய ஆட்களான எங்களுக்கு மாடியில் ஆளுக்கொரு அறை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடை அழகுமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மாடியில கட போட்டா நம்மளும் பெரிய ஆளுதான்க்கா" என்கிறான். ஒரு பிளேன் டீ குடிக்க யார் மாடி ஏறுவார்கள் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

என் வியாபாரம் உனக்குத் தெரியும். சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை நோர்வூட் பஸ்ஸில் இறங்கும் தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைகள் நேராக என் கடையின் பின்மூலைக்குத்தான் வருவார்கள். "அக்கா, மூட்டைய பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் சினிமாவுக்கும் போவார்கள். மீனம்மா மூட்டைக்குச் சிவப்புத் துணி, வீரம்மா மூட்டைக்குப் பச்சைத் துணி என்று முடிந்து வைப்பேன். திரும்பி வந்து மூட்டையைத் தூக்கும்போதுதான் வளையலோ சவுக்காரமோ கம்பளியோ வாங்குவார்கள். மூட்டை இல்லையென்றால் எனக்குக் கடை இல்லை. மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவார்களா?

உன் மச்சான் காலமான பிறகு இந்தக் கடைதான் என்னை நிமிர்த்தி வைத்திருக்கிறது. நீ கட்டடப் படம் வரைகிறவன். இதை நிறுத்த வழி உண்டா என்று விசாரித்து எழுது.

உன் அன்பு அக்கா,
மரியநாயகி


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
21 பெப்ரவரி 1978

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். எழுதாமல் விட்டது என் தப்புத்தான். படம் வரைகிற கந்தோரில் வேலை கழுத்துவரை.

அக்கா, நான் சொல்வதைக் கோபப்படாமல் வாசியுங்கள். அந்தத் தகர வரிசையை எப்போதோ இடித்திருக்க வேண்டும். கூரை ஓட்டையாக இருக்கிறது. பின்னால் ஓடும் சாக்கடைக் கானின் நாற்றத்தில் நீங்கள் மதியம் சாப்பிடுவதே இல்லை. எலி கடித்த கம்பளிகளை எத்தனை தடவை தைத்து விற்றிருக்கிறீர்கள்? மூட்டையை உங்களிடம் வைக்கும் மீனம்மாவுக்கு அவசரமென்றால் எங்கே போவாள்? ரயில் பாதையைத் தாண்டிப் பற்றைக்குள்தானே? புதுக் கட்டடத்தில் பொம்பளைகளுக்கென்றே பின்பக்கம் இரண்டு கக்கூசு, குழாய்த் தண்ணீரோடு வருகிறது. மலையில் இருப்பதாலேயே நம் ஊர் எப்போதும் தகரத்தில் இருக்க வேண்டுமா?

பிடிவாதம் வேண்டாம் அக்கா. மாடியில் வெளிச்சம் வரும். உங்கள் முட்டி வலிக்கு ஈரமில்லாத இடம்தான் நல்லது.

தங்கள் அன்புத் தம்பி,
பத்திநாதன்


ஹட்டன்,
3 ஏப்ரல் 1978

தம்பி பத்திநாதனுக்கு,

ரத்நாயக்க முதலாளியின் அரிசிக் கடையில் புதுக் கட்டடத்தின் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஊரே பார்க்கிறது. நானும் போய்ப் பார்த்தேன்.

வாசலில் ஒரு பொம்பளை குடை பிடித்து நிற்கிறாள். கட்டடத்தின் உயரம் தெரிவதற்கு ஆள் வரைவார்களாம், அழகுமுத்து விளக்கம் சொன்னான். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சிலேட்டில் வீடு வரைந்தாலும் கோயில் வரைந்தாலும் பக்கத்தில் ஒரு குடைக்காரியை நிறுத்தியவன் யார் என்று எனக்குத் தெரியாதா? அதுவும் வலது பக்கம் கம்பி முறிந்த குடை. அது என் குடை.

கடையில் வந்து உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். பின்பக்கம் இரண்டு கக்கூசு என்று எழுதியிருக்கிறாய். நான் உனக்குக் கக்கூசைப் பற்றி எழுதவே இல்லையே.

கக்கூசு விஷயத்தில் நீ சொன்னது நியாயம். ஒத்துக்கொள்கிறேன். கானும் எலியும் நியாயம். ஆனால் என் கடையை இடிக்கும் படத்தை நீயே வரைந்துவிட்டு, யாரோ வரைந்ததைப் போல எனக்குப் புத்தி சொன்னாயே, அதுதான் வலிக்கிறது. இன்னொன்றும் கேள். ரேடியோவுக்கு இடம், கண்ணாடிக்கு இடம், முதலாளி கார் நிறுத்த இடம். அத்தனை பெரிய கட்டடத்தில் ஒரு மூட்டை வைக்க ஒரு முழ இடம் இல்லை. வேறு யாராவது வரைந்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டிருப்பேன். அந்த மூட்டைகளில் சாய்ந்து பாடம் படித்தவன் நீ.

மரியநாயகி


கொழும்பு,
15 ஏப்ரல் 1978

அக்கா,

உங்கள் பெயருக்கு முன்னால் "அன்பு அக்கா" இல்லாத முதல் கடிதம் அது. மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். மறுபடி வாசிக்கத் தைரியமில்லை.

ஜனவரியில் அந்த வேலை என் மேசைக்கு வந்தது. விலாசத்தைப் பார்த்தேன். எங்கள் கந்தோர்ப் பெரிய ஐயா முதன்முதலாக ஒரு முழுக் கட்டடத்தை என்னை நம்பிக் கொடுத்தார். தோட்டத்து லயத்தில் பிறந்தவன் ஹட்டன் டவுனில் மாடி வரைகிறேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்களிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கட்டி முடித்துவிட்டுக் காட்டலாம் என்று மறைத்தேன். என்னை மன்னியுங்கள்.

மூட்டைக்கு இடம் விட வேண்டும் என்று நேற்று ஐயாவிடம் கேட்டேன். "இது கடையா, ரயில்வே ஸ்டேஷனா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

பத்திநாதன்


(தபால் அட்டை)

ஹட்டன்,
9 ஜூலை 1978

தம்பி, கடைகளை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சாமான்கள் அழகுமுத்து வீட்டில். மாதா கோயில் மதிலோரம் சாக்கு விரித்து வளையல் விற்கிறேன். நல்ல மழை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


கொழும்பு,
20 ஜூலை 1978

என் அன்பு அக்காவுக்கு,

அட்டை கிடைத்தது. கோபத்திலும் சாப்பிடச் சொல்கிறீர்கள். மழையில் மதிலோரம் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன். யாரிடமும் மூச்சு விடாதீர்கள், அழகுமுத்துவிடம் முக்கியமாக. கடைசிப் படத்தில் மாடிப்படிக்குக் கீழே பத்தடிக்கு எட்டடி இடம் விட்டு, "தண்ணீர்த் தொட்டிக்கு" என்று எழுதிவிட்டேன். உண்மையான தொட்டி கூரைமேல் வருகிறது. தொட்டிக்கு ஏன் இடம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஐயா கையெழுத்துப் போட்டுவிட்டார். கண்டுபிடித்தால் என் வேலை போகலாம். போனால் போகட்டும்.

உங்கள் தம்பி,
பத்திநாதன்


கொழும்பு,
11 டிசம்பர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நாம் நினைத்தது நடக்கவில்லை. கட்டடத்தைப் பார்க்கப் போன முதலாளி, கீழே தொட்டியைக் காணோமே என்று கேட்டிருக்கிறார். ஐயா என்னைக் கூப்பிட்டார். தவறி எழுதிவிட்டேன் என்றேன். வேலை தப்பியது. ஆனால் ஹட்டன் கட்டடத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். இப்போது மற்றவர்கள் வரைந்ததைப் பிரதி எடுக்கிறேன்.

அந்த இடத்துக்குக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்களாம். உங்களுக்கு மாடியில் கடைசி அறை. திறப்பு விழாவுக்கு நான் வரமாட்டேன். எந்த முகத்தோடு அந்தப் படியைப் பார்ப்பது? உங்கள் கடையையும் இடித்தேன், மாற்று இடமும் தர முடியவில்லை.

பத்திநாதன்


ஹட்டன்,
14 ஏப்ரல் 1980

என் செல்லத் தம்பிக்கு,

அக்காவின் ஆயிரம் முத்தங்கள். முப்பது வயது ஆம்பிளைக்கு முத்தமா என்று முகத்தைத் திருப்பாதே. முழுவதும் வாசி.

கட்டடத்தைத் தை மாதம் திறந்தார்கள். முதல் சம்பளச் சனிக்கிழமை நம் பொம்பளைகள் வந்தார்கள். படியைப் பார்த்தார்கள். சிவப்புச் சிமெந்து, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ். ஒருத்தியாவது செருப்போடு ஏற வேண்டுமே! எல்லோரும் கீழே கழற்றிவிட்டு, மூட்டையையும் அங்கேயே போட்டுவிட்டு ஏறினார்கள். மதியத்துக்குள் அறுபது சோடி செருப்பு. ரேடியோக் கடைக்கு வந்தவர்கள் மூட்டையில் தடுக்கி விழுந்தார்கள். முதலாளி ஓடி வந்து, "ஏன் கழட்டுறது? இது கோயில் இல்லத்தானே!" என்று கத்தினார். மீனம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தொர பங்களாவுல இந்த மாதிரி தரையில செருப்போட நடந்தா சும்மா விடுவாங்களா மொதலாளி? எங்களுக்குப் பழக்கமில்லைங்க" என்றாள். திரும்பும்போது யார் செருப்பு யார் காலில் என்று ஒரே சண்டை. வீரம்மா இரண்டு இடதுகால் செருப்போடு வீடு போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த சம்பளத்துக்கு ஒருத்தியும் மாடி ஏறவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். மற்ற மாடிக் கடைக்காரர்கள் எட்டுப் பேரும் முதலாளியிடம் முறையிட்டார்கள். பங்குனியில் அவரே என்னைத் தேடி வந்தார். "மரியநாயகி, அந்தத் தண்ணி டாங்கி எடம் சும்மாதானே கெடக்குது. நீ அங்க இருந்து செருப்பையும் மூட்டையையும் பாத்துக்க" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. என் முழுக் கடையும் அங்கேயே வந்தால்தான் சம்மதம் என்றேன். தலையைச் சொறிந்தார். சாவியைக் கொடுத்தார். என் மாடி அறையும் இப்போது அழகுமுத்துவுக்குத்தான். படி ஏறிய களைப்பில் எல்லோரும் அவனிடம் தேத்தண்ணி குடிக்கிறார்கள். பெரிய ஆளாகிவிட்டான்.

இப்போது செருப்புக்கும் துணி முடிகிறேன்.

போன சனிக்கிழமை மீனம்மா பின்பக்கம் போய்விட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "யாரு கட்டுனாங்களோக்கா, அவங்க நல்லா இருக்கணும்" என்றாள். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. உன் வேலையை நினைத்து விழுங்கிவிட்டு, "இருப்பான்" என்று மட்டும் சொன்னேன். பிறகு கம்பளி மடிப்பதைப் போலத் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

நீ எந்த முகத்தோடு வருவது என்று கேட்டிருந்தாய். இருக்கிற முகத்தோடு வா. மே மாதம் மாதா திருநாள் முடிவதற்குள் வா. செருப்பைக் கழற்ற மறந்தால் மீனம்மா திட்டுவாள், அவ்வளவுதான்.

வெளியே மழை ஊற்றுகிறது. உன் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

உன் அன்பு அக்கா,
மரியநாயகி