ஆளைத் தேடிக் கொடுக்கும் வேலை

அனுப்புநர்:
எம். ஐ. புவாத்,
தொலைபேசி அறைப் பொறுப்பாளர்,
கருங்கல்மலைத் தோட்டம்,
நமுனுகுல.

பெறுநர்:
பிராந்திய முகாமையாளர் அவர்கள்,
கருங்கல்மலைத் தோட்டக் குழுமம்,
பதுளை.

விடயம்: தானியங்கித் தொலைபேசிப் பெட்டி வந்தபின் எனக்கு வேலையில்லாமையும், அதனால் நேர்ந்த இழப்பும்.

கனம் ஐயா,

1. பதினேழு வருடங்களாக இத்தோட்டத்தின் நான்கு டிவிசன்களுக்கும் தொலைபேசி இணைப்புக் கொடுத்து வந்தேன். சென்ற மே மாதம் தானியங்கிப் பெட்டி பொருத்தப்பட்டது. எனக்குக் கீழிருந்த இருவரும் கந்தோரில் எழுத்து வேலைக்கு மாற்றப்பட்டனர். என் பதவியும் நாற்காலியும் மட்டும் மிச்சம். பெட்டியில் சிவப்பு பல்பு எரிந்தால் அறிவிப்பதே இப்போது என் கடமை. அது இதுவரை எரியவில்லை. சும்மா இருக்க முடியாமல், இணைப்பறுந்த பழைய சுவிச்போர்டைத் தினமும் துடைக்கிறேன்.

2. முன்பு எவரும் எண் கேட்டதில்லை, ஆளைத்தான் கேட்பார்கள். வெளியே போகிறவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அவர்கள் போன ஊர்க் கடைக்கு அழைத்தாவது ஆளைப் பிடித்துக் கொடுப்பேன். இப்போது தோட்ட வைத்தியர் தம்பையா தவிர யாரும் சொல்வதில்லை.

3. செப்டெம்பர் 22 காலை அவர் மோட்டார் சைக்கிளை என் ஜன்னலோரம் நிறுத்தி, "புவாத், எல்லவுக்குப் போறேன். இப்றாஹீம் நானா கடையில மத்தியானம் வரைக்கும் இருப்பேன்" என்றார். மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கும் மாரியாயிக்கு ஒன்பது மணிக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. அங்குள்ள கிளார்க் வீரசிங்கம், வைத்தியரின் வீட்டுக்கும் மருந்துச்சாலைக்கும் பதினொரு மணிவரை மாறிமாறி அழைத்தார். மணி அடித்ததேயன்றி எடுக்க ஆளில்லை. பிறகு லொறியில் பதுளைக்குக் கொண்டு போனார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

4. எனக்குச் சங்கதி மாலையில்தான் எட்டியது. மறுநாள் மாரியாயியின் புருசன் வந்து, "ஒங்களுக்குத் தெரியுமாமே ஐயா" என்றார். வீரசிங்கம் மீது பிழையில்லை. என்னை அழைக்க அந்தப் பெட்டியில் ஓர் எண்ணே இல்லை. வேலையைப் பிடுங்கியவர்கள், அதற்குள் வேறென்ன இருந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆத்திரத்தில் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

5. ஆகவே, என் மேசைக்கு ஓர் எண் தரவும். வைத்தியரும் மருத்துவிச்சியும் லொறிச் சாரதிகளும் வெளியே போகுமுன் எனக்கு அறிவிக்க உத்தரவிடவும் வேண்டுகிறேன். பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும் சம்மதம். சிவப்பு பல்பையும் பார்த்துக்கொள்கிறேன்.

6. இன்று வைத்தியர் கீழ் டிவிசனில் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் மூன்று மணிவரை இருப்பார். இதை என்னிடம் கேட்டறிய இத்தோட்டத்தில் இந்நேரம் எவருக்கும் வழியில்லை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) எம். ஐ. புவாத்

நமுனுகுல
1981.10.05