சந்தையில் பழகிய வாய்

அரசியல் அறிவியலுக்கே பேரரசியான அக்கா மகளுக்கு,

உன் போன் உடைந்ததால், விண்ணப்பத்தில் பொள்ளாச்சி மாட்டுத் தரகுச் சக்கரவர்த்தியான என் எண்ணைக் கொடுத்தாய். செவ்வாயன்று நான் சந்தையில் நிற்கும்போது சென்னையிலிருந்து பேராசிரியர் அழைத்தார். முனைவர் பட்டத்துக்கு ஒரே ஓர் இடம், "இனியா சேர்றாங்களா?" என்றார்.

முதல் விலைக்கே நான் தலையாட்டியதில்லை, கண்ணு. "ஏனுங்க, லண்டனும் பாரிசும் எங்க ஊட்டு வாசல்ல வரிசையில நிக்குதுங்க. யோசிச்சுச் சொல்றோமுங்க" என்றேன்.

"சந்தோஷம் சார். அடுத்தவங்களுக்குக் கொடுத்துடறோம்" என்று வைத்துவிட்டார். நாற்பதாயிரம் முறை திருப்பி அழைத்துவிட்டேன். "நிரம்பிடுச்சு சார்" என்கிறார்கள்.

நீயோ தினமும், "மாமா, போன் வந்துதுங்களா?" என்கிறாய். இல்லை என்கிறேன். அண்டப் புளுகனான என்னால் இந்தச் சின்னப் பொய்யை மட்டும் தாங்க முடியவில்லை.

நாளைக்குக் கேட்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

இப்படிக்கு,
உன் படிப்பைப் பேரம் பேசிய தாய்மாமன்