கலாவின் வளைகாப்பில் எனக்குப் போட்ட வளையல்

12 செப்டம்பர் 2008, வெள்ளி

இன்று சிதம்பரத்தில் ஓரகத்தி கலாவுக்கு வளைகாப்பு. பிள்ளை இல்லாதவள் என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மாமியார் என் கையிலும் வளையலை அடுக்கிக்கொண்டே, “அடுத்தது ஒனக்குத்தான். எம்புள்ள மொகத்துக்காவது சாமி கண்ணத் தொறக்கட்டும்” என்றார்.

குறை அவர் பிள்ளையிடம்தான். விந்தணு ரொம்பக் குறைவு, கம்பெனிச் சூட்டிலும் கெமிக்கல் ஆவியிலும் நிற்பது காரணமாக இருக்கலாம், வேலையை மாற்றிப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். “அம்மாகிட்ட சொல்லிடாத” என்று என்னிடம் கெஞ்சிய இவர், வேலையை மட்டும் விடவில்லை.

கொழுந்தனும் கடலூர்ப் பக்கம் இவர் வேலை பார்க்கும் அதே செம்மங்குப்பம் கம்பெனியில் இருந்தவன்தான். கல்யாணமான புதிதில் கலா, “இந்த நாத்தம் புடிச்ச வேல வேணாம்” என்றாள். மறுமாதமே சிதம்பரத்தில் செல்போன் கடை. அவள் வயிற்றைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு வார்த்தைக்கு எழுந்து வந்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீடு திரும்பி, நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இவர் என் கையைப் பார்த்தார். “நல்லாருக்கு, கழட்டாத.”

வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டியதும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். கலா கையில் அந்த வளையல் பிள்ளை பிறக்கும்வரை கிடக்கும்.